காலி வீட்டுக் காவல்

"யாராவது குடியிருந்தா பாலிசி கிடையாது. யாருமே இல்லாம பூட்டிப் போட்டாலும் கிடையாது. காவலுக்கு ஆள் இருக்கணும் முசே."

இன்சூரன்ஸ் சர்வேயர் கோவிந்தராசு, வாசலில் நின்றிருந்த கோட்டுக்காரரிடம் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பெரிய மனிதர்களை 'முசே' என்று அழைக்க வேண்டும் என்பதைப் பஸ்ஸிலேயே விசாரித்து வைத்திருந்தார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடுவார் என்று ஆபீசில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரே.

மிஷன் வீதியின் பின்சந்தில், பாதி ஓடு போய் நின்றது வீடு. 'குடியிருக்கத் தகுதியற்றது' என்ற நோட்டீஸ் கதவில் வெளுத்துக்கிடந்தது. போன மழையில் எதிர்வீடு சரிந்தபோது, பாலிசி இல்லாத அந்த வீட்டுக்காரருக்குச் செங்கல்தான் மிஞ்சியது. அடுத்த மழைக்கு இன்னும் பத்து நாள்.

கோட்டுக்காரர் பக்கத்தில் நின்ற கைலிக்காரரைப் பார்த்தார். கைலிக்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"காவலுக்கு நான் இருக்கேன் சார்."

"எத்தினி வருஷமா?"

"பொறந்ததுலேந்து. எங்கப்பாவும் இங்கதான் இருந்தாரு."

"பரம்பரைக் காவலா!" கோவிந்தராசு உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்படியில் சுருட்டிய பாயும் ஒற்றைத் தட்டும் சாட்சி சொல்லின. 'காவல் உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கைலிக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கூரையைப் பார்க்க ஏணி வந்தது. அதைப் பிடிக்கப் போன கோட்டுக்காரரைக் கோவிந்தராசு பதறித் தடுத்தார். பிறகு எல்லாம் கைலிக்காரர்தான். ஏணி ஏறினார், டேப் பிடித்தார், சர்வேயரின் ஷூவில் விழுந்த சுண்ணாம்பையும் குனிந்து தட்டிவிட்டார். கோவிந்தராசு இதற்கிடையில் கோட்டின் தங்கநிறப் பித்தான்களை மரியாதையோடு நோட்டமிட்டு, பிரெஞ்சு ராணுவமா என்று கேட்டார்.

"இல்ல சார். ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய தின ஊர்வலத்துல முன்வரிசை எனக்குத்தான்."

கோவிந்தராசு தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார்.

பின்கட்டில், ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

"பாத்தீங்களா முசே? தேக்கு ஜன்னல். வித்துத் தின்னுருக்கான். இவன நம்பியா வீட்ட விட்டிருக்கீங்க?"

கோட்டுக்காரர் வாயைத் திறந்தார். வேண்டாம் என்பதுபோல் கைலிக்காரர் லேசாகத் தலையசைத்துவிட்டு, அப்படியே குனிந்துகொண்டார்.

ஒருவழியாகப் படிவம் நிறைந்தது. வீடு காலி, காவல் உண்டு, பாலிசிக்குப் பரிந்துரைக்கலாம். கோவிந்தராசு தன் பேனாவையே கோட்டுக்காரரிடம் பணிவாக நீட்டினார்.

"உரிமையாளர் அமலநாதன்னு இருக்கிற எடத்துல ஒரு கையெழுத்து முசே."

கோட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கெதுக்கு சார்? நான் பேண்டு வாசிக்கிற ஆரோன். கல்யாணத்துக்குப் போற வழியில இவரு ஏணி பிடிக்கக் கூப்பிட்டாரு, வந்தேன்."

கைலிக்காரர் சுண்ணாம்புக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, நீட்டியபடியே நின்ற பேனாவை வாங்கி, 'அமலநாதன்' என்று நிதானமாகக் கையெழுத்திட்டார்.

"காவக்காரன் கையெழுத்தும் வேணுமா சார்? அதையும் இப்பவே போட்டுடறேன்."