எஸ்தரின் குடம்

அந்தக் கோடையில் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர்தான். காலை ஆறு மணிக்குக் குழாய் திறக்கும். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ, அத்தனை குடம் நிறைந்ததும் தானே நின்றுவிடும். வேதமுத்துவின் வீட்டுக்கு இரண்டு குடம். அவர் மனைவி எஸ்தர் நாற்பது நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அவள் குடம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் மாடியில் அவள் போட்டிருந்த புடலைக்கு ஊற்றினார்.

நாற்பதாம் நாள் மாலை அவள் போனில் கேட்டாள்.

"பிஞ்சு வளையாம கல்லு கட்டுனியளா?"

"கட்டியாச்சு."

"சின்னக் கல்லுதான? நீங்க அம்மியையே கட்டித் தொங்கவிடுத ஆளு."

அவர் சிரித்தார். "நாலு நாள்ல பறிச்சு, கூட்டு வச்சு எடுத்துட்டு வாரேன்."

"என் தண்ணியில நீங்க குளிச்சிராதிய."

அவளுக்கு மூச்சு வாங்கியது. 

மறுநாள் காலை முதல் குடம் நிறைந்ததும் குழாய் நின்றது. வேதமுத்து இரண்டாவது குடத்தை வைத்துக் காத்திருந்தார். பக்கத்து வீட்டில் இன்னும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழாயைத் தட்டிப் பார்க்கக் கையைத் தூக்கினார், தட்டவில்லை. அது ஒருநாளும் தப்பாகக் கொடுத்ததில்லை.

நிறைந்த குடத்தோடு மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் கீழே போன் அடித்தது. அவர் திரும்பவில்லை. இருந்த ஒரே குடத்தைப் புடலையின் தூரில் சாய்த்தார். போன் நின்று, மறுபடி அடித்தது. அதை எடுக்கும்வரை எஸ்தர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள் என்று நினைத்தபடி, இன்னும் மெதுவாக ஊற்றினார்.