பஞ்சாலையின் இரண்டாவது புருஷன்

கண்ணெதிரே புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, முதல் புருஷன் செத்துப்போனார், இவர் இரண்டாவது என்று பஞ்சாலை கூசாமல் சொன்னாள்.

வாசல்படியில் மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணேசமூர்த்திக்குக் கை அப்படியே நின்றது.

இரண்டாவதாம். மலேசியாவில் லாபு பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்தில், இதே லயத்து வரிசை வீட்டில், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இருப்பது ஒரே ஒரு புருஷன். அது அவர்தான். லயத்து நாய்க்குக்கூட இது தெரியும்.

கேள்வி கேட்க வந்திருந்தவள் நீலாவதி, சிரம்பான்காரப் பெண். ஏதோ பல்கலைக்கழகத்து ஆய்வு. எழுபத்தாறில் கேள்வி கேட்ட அதே குடும்பங்களை எண்பத்தெட்டில் மறுபடி தேடிப்பிடித்து, அன்றைக்கு எப்படி இருந்தார்கள், இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவது அவள் வேலை. போன தடவை சொன்ன பதிலின்படி பஞ்சாலை விதவை.

அந்தப் பொய்யின் கதை கணேசமூர்த்திக்கு மனப்பாடம். அப்போது அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐ.சி. குடியுரிமை கிடையாது, வேலை பெர்மிட்டும் முடிந்துபோயிருந்தது. ஆய்வுக்காரர்களின் ஜீப் வந்து நின்றதும், பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்ற ஆள் வந்துவிட்டது என்று விறகுக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டார். பஞ்சாலை முந்தானையால் பொட்டை அழித்தாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். அவர் செத்துப்போனார் என்றாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. செத்தவன் பெயர்தானே என்று வந்தவர்களும் வற்புறுத்தவில்லை.

எந்தப் பெண் செய்வாள் அதை? கள்ளுக்கடையில் நாலு பேரிடம் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கிவிடும்.

அது அன்றைக்கு. இப்போது என்ன கேடு? குடியுரிமைக்கான நீல ஐ.சி. கைக்கு வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. பயத்தில் அப்படிச் சொன்னேன், ஆள் இதோ இருக்கிறார் என்றால் தலையையா வாங்கிவிடப் போகிறார்கள்?

செருமிப் பார்த்தார். கண்ஜாடை காட்டினார். அவள் சுவரைப் பார்த்தாள்.

நீலாவதியும் லேசில் விடுகிறவளாக இல்லை. இரண்டாவது கல்யாணம் கோயிலிலா, பதிவா? அவருக்கு முன்பே குடும்பம் உண்டா? அவர் மூலம் குழந்தைகள்? பஞ்சாலை காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிட்டதுபோல டக் டக்கென்று பதில் சொன்னாள். கோயிலில்தான். குடும்பம் கிடையாது. குழந்தையும் இல்லை. மகள் லெட்சுமி முதல் புருஷனுக்குப் பிறந்தவள். செனவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறாள்.

பெற்ற மகளுக்கே அவர் சித்தப்பா ஆகிவிட்டார். கணேசமூர்த்திக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

எழுந்து உள்ளே வந்தார். முதலாவது ஆளும் நான்தான், செத்ததாகச் சொன்ன ஆளும் நான்தான், நன்றாக எழுதிக்கொள் என்றார். காலையிலிருந்து லயம் லயமாக ஏறி இறங்கிக் களைத்திருந்த நீலாவதி பெருமூச்சு விட்டாள். அக்காவுக்கான கேள்விகள் முதலில் முடியட்டும், உங்களுக்கென்று தனியாக இருக்கிறது, நடுவில் பேசினால் எல்லாம் குழம்பிப்போகும் என்றாள். அவர் அப்படித்தான், நீ கேளு என்றுவிட்டாள் பஞ்சாலை. பக்கத்து வீட்டு மங்கம்மா களுக்கென்று சிரித்தது பலகைச் சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

ஒரு மனுஷன் உயிரோடு நின்றுகொண்டு, நான் சாகவில்லை என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஒருத்தி எழுதவில்லை. ஒருத்தி சொல்லவில்லை. எங்கே போய் முட்டிக்கொள்வது? படித்த பெண்ணுக்குத்தான் புத்தியில்லை என்றால், இவளுக்கு என்ன வந்தது?

பஞ்சாலைக்கான கடைசிக் கேள்வி வந்தது. முதல் கணவர் இருந்த காலத்தோடு பார்த்தால் இப்போது வாழ்க்கை நன்றாக இருக்கிறதா, மோசமா, அல்லது அப்படியேதானா?

அவள் குனிந்து, மடியில் கிடந்த முந்தானை நுனியை நீவிவிட்டாள்.

“கரண்டு இருக்கு, டிவி இருக்கு, அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மொத ஆளு மாரி வராதும்மா. பால் வெட்டி முடிச்சா நேரா வீட்டுக்கு வந்துருவாரு. ஒரு நாளும் என்னைய கைநீட்டி அடிச்சதில்ல. அந்த மனுசனுக்காக நான் என்ன வேணும்னாலும் செஞ்சிருப்பேன். அவருதான் போயிட்டாரு லா.”

அவள் அழவில்லை. குரல்கூட மாறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மங்கம்மாவின் சத்தத்தையே காணோம்.

நீலாவதி எழுதி முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். சொல்ல வேண்டியதை எல்லாம் இப்போது சொல்லலாம் என்றாள். தொண்டைவரை வந்திருந்த கத்தல் எங்கே போனதென்று கணேசமூர்த்திக்குத் தெரியவில்லை.

“அண்ணே, நீங்க இந்த வீட்டுக்கு வந்தது எந்த வருசம்?”

பஞ்சாலை முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

வெட்டுக்காரர்களை மேய்க்கும் மண்டோர் வேலை கிடைத்த வருடம் அவருக்கு ஞாபகம் வந்தது. வேலையோடு, காண்டிராக்டர்கள் வாங்கிக்கொடுத்த சம்சு சாராயமும் சேர்ந்து வந்தது. அந்த வருடத் தீபாவளி முடிந்து வேலை தொடங்கிய காலை, வீங்கிய கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பஞ்சாலை பிரட்டுக்குப் போனாள். அவர் கைநீட்டியது அதுதான் முதல் தடவை. அவர்தான் அன்றைக்குப் பேர் கூப்பிட்டார்.

“எம்பதுல,” என்றார் கணேசமூர்த்தி.

மாதம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள் நீலாவதி.

“இருக்கு,” என்றார்.