கத்திக்குக் கத்தி

ஞாயிறு காலை மணி பத்தேகால். கணவரைப் போலவே பழங்காலக் கத்திகள் சேர்க்கும் நண்பர், ஆறாவது மாதமாகக் கத்தி மாற்றிக்கொள்ள வந்திருந்தார்.

கொம்புப் பிடியும் வெள்ளிப் பூணும் போட்ட குறுவாளை மேசையில் வைத்தார். கணவர் துணியில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். நண்பர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, அது நான் வெங்காயம் நறுக்குற கத்தி. போன மாசம் குடுத்தது பழம் வெட்டுறது. என் சமையலறையையே இந்த மனுஷன் உங்க தலையில கட்டிட்டிருக்கார். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப தினமும் வந்து பார்த்தவர் நீங்க. உங்களை ஏமாத்தினா எனக்குச் சோறு இறங்குமா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா இவ்வளவு நல்ல கத்தியைக் குடுக்குறீங்க?”

நண்பர் சுவரைப் பார்த்தார். கணவர்தான் பேசினார்.

“இது நம்ம கத்திதான். உன் ஆபரேஷனப்ப என் கத்தி எல்லாத்தையும் வித்துட்டேன். உன்கிட்ட சொல்லலை. இவன் ஒவ்வொண்ணாத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கான். சும்மா குடுத்தா நான் தொட மாட்டேன்னு, மாத்திக்கலாம்னு வந்து நிக்கிறான்.”

“கத்தி சேர்க்குற எங்க ஆளுங்க சும்மா வாங்க மாட்டாங்க, தங்கச்சி. மாத்திக்கத்தான் செய்வாங்க,” என்றார் நண்பர். “இன்னும் மூணு வரணும்.”

அவள் சமையலறைக்குள் போனாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. முகம் கழுவிய ஈரத்தோடு திரும்பி வந்தாள்.

“அண்ணே, வீட்டுல இனிமே கத்தி இல்லை. அடுத்த மாசம் கரண்டி வாங்கிப்பீங்களா?”