குச்சி ஐஸ்

"வாயை மூடுடி" என்று சொல்லித்தான் கணவன் பரணீதரன் ஹெல்மெட்டால் அடித்தான். கோகிலவாணியின் முன்பற்கள் இரண்டும் பாதியாக உடைந்தன.

வேர் சிகிச்சை முடித்து, பற்களைக் கட்டி உறை மாட்டிய டாக்டரம்மா சொன்னார்: "நரம்பை எடுத்தாச்சு, உங்களுக்கு இனிமே கூசாது. கோர்ட் உத்தரவுப்படி, கூச்சமெல்லாம் உங்க வீட்டுக்காரர் பல்லுக்குப் போற மாதிரி இணைச்சுட்டேன். ஒரு வருஷத்துக்கு அவரால கழட்ட முடியாது."

கோகிலவாணி வீட்டுக்குப் போகவில்லை. எதிரே இருந்த பெட்டிக்கடையில் குச்சி ஐஸ் வாங்கி, முன்பற்களால் நறுக்கென்று கடித்து அப்படியே பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கூச்சம் கொஞ்சமும் தெரியவில்லை. ஐஸ் கரைவதற்குள் போன் அடித்தது.

"ஐயோ, போதும்மா! உச்சந்தலை வரைக்கும் ஏறுது. உன் கால்ல வேணாலும் விழறேன்..."

"வாயை மூடுடா" என்றாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, இன்னொண்ணு குடுங்க. நல்லா உறைஞ்சதா பார்த்து."