ஒரு ரிங்கும் தவறாமல்

போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கடை ஆள் கோசிம் அதில் தெரிந்த எண்ணை எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு தண்ணீர் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சாவகாசமாகக் கிளம்பினார்.

பகாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோசிம் அண்ணே! போன் அடிக்குது, நீங்க பாட்டுக்குப் போறீங்களே?"

"அது கெடக்கு தம்பி. இதோ வந்துடறேன்."

காலையிலிருந்து இது பதினெட்டாவது போன். அந்த மனுஷர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பகாஸ் உள்ளேயிருந்து ஓடி வந்து எடுப்பதற்குள் ஒவ்வொரு தடவையும் மணி நின்றுவிடுகிறது.

மாலாங் நகரக் கடைத்தெருவில் இருபது வருஷமாக அவன் அம்மா சுமார்னி நடத்தும் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் கடை அது. தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு பிளிதார் ஊருக்குக் கிளம்பும்போது சாவியை அவன் கையில் கொடுத்து, "நாலு நாள் ஒழுங்கா ஓட்டிக் காட்டு. அப்புறம் கடை உன்னோடது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பத்து வருஷம் ஜகார்த்தாவில் அடுத்தவனுக்கு உழைத்துச் சலித்தவன் பகாஸ். இது கைநழுவினால் மறுபடியும் அந்தப் புறாக்கூண்டு அறையும் மேலாளரின் வசவும்தான்.

கடையில் அவன் கண்ணுக்கு ஒரே ஒரு ஓட்டைதான் தெரிந்தது. போனை எடுக்க நாதியில்லை.

இரண்டாம் நாளான அன்று மதியமே போய் இன்டர்நெட் போன் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். கோசிம், "தம்பி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தார்.

"நீங்க எடுக்காத போனை இது எடுக்கும். உங்க வேலையை மட்டும் பாருங்கண்ணே!"

கோசிமின் முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க முதலாளி" என்றவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

பெட்டி வந்ததே தவிர, அதற்கு உயிர் வரவில்லை. ஒயரை மாற்றிக் குத்தியதும் விளக்கு எரிந்தது. ஆனால் அவன் சொன்ன ஹலோ அவனுக்கே திரும்பி வந்தது. எதிரொலியை ஒழித்தால் குரலும் சேர்ந்து ஒழிந்தது. உதவி எண்ணில் நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"ஏழு தடவை பண்ணிட்டேம்மா!"

"இன்னொரு தடவை பண்ணுங்க சார்."

எட்டாவது தடவை சரியாகித் தொலைத்தது. பழைய எண்ணையே அதற்கு மாற்றிக் கொடுத்தார்கள். மணி முழுசாக அடிப்பதற்குள் பெட்டியே எடுத்து, "வணக்கம்! தண்ணீருக்கு ஒன்றை அழுத்தவும், கேஸுக்கு இரண்டை அழுத்தவும்" என்று தேனாகப் பேசியது.

மூன்றாம் நாள் விடிந்ததும் அழைப்புகள் மளமளவென்று வந்தன. ஆனால் 'வணக்கம்' என்றதுமே பட்டென்று துண்டித்தார்கள். ஒருவர் மட்டும் "ச்சே!" என்று சலித்துக்கொண்டு வைத்தார். பகாஸ் பெட்டியின் குரலை நிறுத்திவிட்டுத் தானே பாய்ந்து எடுத்து, "சொல்லுங்க, சொல்லுங்க!" என்று கெஞ்சிப் பார்த்தான். அதற்கும் துண்டிப்புதான். திருப்பிக் கூப்பிட்டால், "வேற கடையில சொல்லியாச்சு" என்றார்கள்.

உதவி எண்ணை மறுபடி பிடித்தான்.

"எங்க பக்கம் எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்புறம் ஏம்மா அத்தனை பேரும் கட் பண்றாங்க?"

"அதை அவங்களைத்தான் சார் கேக்கணும்."

ஒயரைப் பிடுங்கினான், செருகினான். நின்றான், உட்கார்ந்தான். எதிர்க்கடை வண்டி ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தது. கோசிம் வேர்க்கடலையை உடைத்துத் தின்றபடி தெருவை வேடிக்கை பார்த்தார். நான்காம் நாள் அழைப்பு வருவதும் நின்றுவிட்டது.

மதியம் சுமார்னி எள்ளு மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா இது? கேனெல்லாம் வச்சது வச்சபடி இருக்கு?"

"எனக்கே புரியலம்மா!" பகாஸ் பெட்டியைத் தட்டிக் காட்டினான். "போன்மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. நேத்து மட்டும் அறுபத்தேழு கால் வந்துச்சு. ஒண்ணைக்கூட விடல, எல்லாத்தையும் முதல் ரிங்லயே எடுத்துட்டேன்!"

சுமார்னி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையையே அவன் பக்கம் நீட்டினாள்.

"சாவியைக் குடு. எடுத்தா அவங்க காசு போகுமேடா பாவி! இங்க மிஸ்டு கால்தான்டா ஆர்டரே!"