கப்பலில் வந்த மிளகாய்

"இந்தியா மிளகாய் கப்பலில வந்து இறங்கியிருக்கு. உங்கட மூட்டையை இனி ஆர் வாங்குவினம்?" கிளிநொச்சி வியாபாரி கையை விரித்துவிட்டார். "டாக்கா மாநாட்டில இந்தியாவும் நாங்களுமா ஏழு நாடும் வியாபாரத்துக்கு ஒண்டாச் சேர்ந்திட்டுது. பக்கத்து நாட்டுச் சாமான் இனி இன்னும் வரும்."

தவராசாவும் பக்கத்துக் காணிக்காரர் சங்கிலியும் காய்ந்த செத்தல் மிளகாய் மூட்டைகளைத் திரும்பவும் வண்டியில் ஏற்றினார்கள். ஊரான கண்டாவளை வரும்வரை தவராசாவின் ஆத்திரம் அடங்கவில்லை.

"அங்க மிளகாய் போடுறவன் நாசமாப் போகோணும்!"

"சாபம் போடாதீங்க தம்பி," என்றார் சங்கிலி அலுப்போடு.

"ஏன் அண்ணை, அவன் உங்கட சொந்தக்காரனோ?"

"ஆமா. என் கூடப்பொறந்தவன்."

தவராசா விவரம் கேட்டான். தேயிலைத் தோட்டத்தை விட்டுச் சங்கிலி வன்னிக்கு வந்த காலத்தில், அவர் தம்பி சுடலைமுத்து இந்தியாவுக்குக் கப்பலேறியவனாம். இப்போது அங்கே இராமநாதபுரத்தில் மிளகாய் போடுகிறானாம்.

"அப்ப தம்பியாருக்கு நல்ல காலம்தான்," என்றான் தவராசா கசப்போடு.

சங்கிலி மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "நேத்துதான் வந்துச்சு. நீங்களே வாசிங்க."

தவராசா வாய்விட்டு வாசித்தான்.

"அண்ணே, இந்த வருசமும் மொளகாய்க்கு வெலை இல்ல. கேட்டா, 'சிலோன்ல மலையா வெளஞ்சு கெடக்கு, அங்க நம்ம மொளகாய வாங்க ஆளில்ல'ன்னு யாவாரி சொல்றான். பொழைக்க வழி தெரியல. அங்க மொளகா போடுறவங்களக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுண்ணே."