பூ கேட்ட ஞாயிற்றுக்கிழமை

வசந்தி எடுத்த பொட்டலத்தில் இருந்த முடிச்சு நான் போட்டதில்லை.

சந்நிதியில் கூட்டம் இல்லை. குருக்கள் தட்டை நீட்டியபடி நின்றார். தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தையும் பார்த்தேன். அதிலும் அதே முடிச்சு.

பன்னிரண்டு வருஷமாக ரயில்வேயில் பாலம் பாலமாகத் தூக்குக்குண்டு கட்டிப் பார்க்கிற கை என்னுடையது. இரண்டு சுற்று, ஒரு நுழைப்பு, ஒரு இழுப்பு. வாழைநாரைக் கொடுத்தாலும் விரலுக்கு அந்த முடிச்சுதான் வரும். இதுவோ பூ தொடுக்கிறவர்கள் போடுகிற சுருக்கு. நுனிகூட வெளியே தெரியவில்லை.

என் வீட்டில் பூ தொடுக்கிறவள் ஒருத்திதான்.

ஆப்பிரிக்காவிலிருந்து கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் புது ரயில் பாதை. ஏழு பாலம். ஏழுக்கும் நானே இன்ஜினீயர். மூன்று வருஷ ஒப்பந்தம், குடும்பத்தை அழைத்துப் போகக் கூடாது. திங்கட்கிழமைக்குள் தந்தியில் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே அரக்கோணத்தில் நான் ஓவர்சியர். துரை கப்பலேறி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவர் நாற்காலியில் நம் ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து அதே மணியை அடிக்கிறார். நானும் முன்பு போலவே எழுந்து ஓடுகிறேன். நான் போட்ட வரைபடத்துக்கு அவர் கையெழுத்து. சுதந்திரம் வந்துவிட்டதாம். எனக்குச் சலித்துவிட்டது.

போகலாமா இருக்கலாமா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். வசந்தியைக் கேட்டால் ஒரே பதில்.

"உங்க இஷ்டம் பாவா."

அவள் என் மாமன் மகள். பேச்சு வந்த நாளிலிருந்து நான் அவளுக்குப் பாவாதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வாங்க முடியாது.

கடைசியில் முருகனிடம் பூ கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளை அரளி வந்தால் போவது. செவ்வரளி வந்தால் இருப்பது. பூவைத் தனித்தனி இலையில் மடித்துக் கட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

இரண்டிலும் வெள்ளையை வைத்தேன்.

தப்புதான். இல்லை என்று சொல்லவில்லை. சாமி சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்று கையை விரிக்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

குழந்தை கையால் எடுப்பதுதான் வழக்கம். எங்களுக்கு இரண்டு பிறந்தும் தங்கவில்லை. அதனால் வசந்தியையே எடுக்கச் சொன்னேன். அவள் கையாலேயே எடுத்தால் பிறகு என்னைக் குறை சொல்ல முடியாது என்ற கணக்கும் அதில் இருந்தது.

காலையில் பொட்டலங்களைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவள் கை வைத்திருக்க வேண்டும்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாயில் உங்க இஷ்டம், கையில் இந்த வேலை. முருகனுக்கே கோபம் தணிந்த மலை இது என்பார்கள். எனக்கு இங்கே வந்துதான் ஏறியது. ஏமாற்றப் போனவன் ஏமாறும்போது வருகிற கோபம் இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது. வாயைத் திறக்கவும் வழியில்லை. முடிச்சைப் பற்றிப் பேசினால் என் குட்டும் சேர்ந்து வெளியே வரும்.

குருக்கள் பொட்டலத்தை வாங்கி நாரை இழுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

"உத்தரவாயிடுத்து, தைரியமா கெளம்புங்கோ" என்று விபூதி கொடுத்தார். இன்னொரு பொட்டலம் பிரிக்கப்படாமல் தட்டோடு உள்ளே போய்விட்டது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முடிச்சை நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் போல என்று சமாதானம் செய்துகொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அசதிதான் வந்தது.

இறங்கினோம். முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒன்றின் உயரம் இன்னொன்றுக்குக் கிடையாது. வரும்போதெல்லாம் கட்டினவனைத் திட்டுவது என் பழக்கம். இன்று அதற்கும் தெம்பில்லை.

பாதி வழியில் வசந்தி ஒரு படியில் உட்கார்ந்தாள். விபூதியையும் அந்த வெள்ளைப் பூவையும் முடிந்துகொள்ள முந்தானை நுனியை எடுத்தாள். அதில் ஏற்கெனவே ஏதோ முடிந்திருந்தது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது. யோசிக்காமல் பிரித்துவிட்டாள்.

படியில் செவ்வரளி விழுந்தது. கசங்கி, வாடி.

ஒன்றல்ல, இரண்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளும் என்னைப் போலவேதான் கிளம்பியிருக்கிறாள். இரண்டிலும் சிவப்பை வைத்து என்னை இங்கேயே இருத்திவிட நினைத்திருக்கிறாள். முதல் பொட்டலத்தை அவிழ்த்திருக்கிறாள், வெள்ளை. அடுத்ததையும் அவிழ்த்திருக்கிறாள், அதுவும் வெள்ளை. பார்த்துவிட்டு, நான் வைத்ததை வைத்தபடியே மடித்து, தன் கையால் மறுபடி கட்டியிருக்கிறாள்.

பிறகு நான் சொன்னபடி மலையேறி வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கையை நீட்டி ஒன்றை எடுத்தும் இருக்கிறாள்.

அவமானமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விழுந்த பூக்களை அவள் எடுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. வெள்ளைப் பூவை முந்தானையில் வைத்து நிதானமாக முடிந்தாள். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"வெயில் ஏறிக்கினு வருது. தந்தி ஆபீசு இன்னிக்கு எத்தினி மணி வரைக்கும் பாவா?"

பன்னிரண்டு மணி வரை. நேற்றே போய் விசாரித்து வைத்திருந்தேன்.

"தெரியல" என்றேன்.